என் முதுகில் ஏறிய காகித மீன்

குமரா, போன வாரம் உன் அப்பன் ஒரு சாவு வீட்டில் முதுகில் மீனோடு நின்றான். வேறு யாராவது போன் போட்டுச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். என்னோடு உப்பளத்தில் வேலை பார்க்கும் முனுசாமியின் அண்ணன், பக்கத்து ஊர் பிரம்மதேசத்தில் தவறிவிட்டார். நானும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் மாலை வாங்கி வண்டியில் தொங்கவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, முகத்தை எவ்வளவு துக்கமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு துக்கமாக வைத்துக்கொண்டு பந்தலில் முன்வரிசையில் நின்றேன். பின்னால் ஒரே குசுகுசு. ஒரு பெண்மணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பாவம், அழுகிறாள் என்று நினைத்து நானும் என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடைசியில் முனுசாமி வந்து தோளில் கையைப் போட்டு, காதோரமாக, "ஏம்பா, துக்கம் விசாரிக்க வந்தியா, மீன் விக்க வந்தியா?" என்றான். கையைப் பின்னால் விட்டுத் தடவினேன், எட்டவில்லை. அவனே ஊக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தான். ஆரஞ்சு கலர் காகிதத்தில் மடித்த மீன். ஸ்கெட்ச் பேனாவில் கண் வைத்து, கண்ணுக்கு இமை முடிகூட வரைந்திருந்தது. "பேத்தி வேலைங்க" என்று பொதுவாகப் பந்தலைப் பார்த்துச் சொன்னேன். என்ன செய்வதென்று தெரியாமல் அதை உள்ளங்கைக்குள் மூடப் போனேன். செத்தவருடைய சம்சாரம், அவ்வளவு அழுகைக்கு நடுவிலும், "கொழந்த செஞ்சதா? கசக்கிடாதீங்கண்ணே, பாக்கெட்ல வைங்க" என்றது.

பாக்கெட்டில் வைத்தேன். வெட்கம் அன்றைக்கு வீடு வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிட்டது. ஆனால் அந்த மீன் அன்றிலிருந்து என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. உப்பளத்து மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்று பெயர்தான். நாலு வரிக்கு ஒரு முறை எழுந்து வெளியே வந்து தெற்கே மேகத்தைப் பார்க்கிறேன். வாரிக் குவித்த உப்பு கரையெல்லாம் நிற்கிறது. தார்ப்பாய் பாதிக் குவியலுக்குத்தான் போர்த்தியிருக்கிறது. போனில் சொல்லலாமே என்பாய். நீ "ஹலோப்பா" என்பதற்கும் "கம்பெனி பஸ் வந்துடுச்சுப்பா" என்பதற்கும் நடுவில் மூச்சு விடத்தான் நேரம் இருக்கிறது. பத்தாவதை இரண்டாம் முறை எழுதித் தேறியவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் உன் மனைவி சுதாவைத் திருத்தச் சொல். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் கிடையாது. உன்னைப் போல ஷிப்டுக்கு ஓடுகிற எந்தப் பிள்ளை படித்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நீங்கள் இரண்டு பேரும் தேனுவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனீர்கள். முதல் நாலைந்து நாள் அவள் போனும் கையுமாக இருந்தாள். வெளியே அனுப்பலாம் என்றால் நம் ஊர் வெயில் உனக்குத் தெரியும். பத்து மணிக்கெல்லாம் உப்பில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தில் பெரியவர்களுக்கே கண் கூசும். உன் அம்மா என்னைப் பார்த்து, "கொழந்தைக்கு எதனா வெளாட்டு காட்டறதுதானே? ஊருக்கெல்லாம் கத பேசத் தெரியுது" என்றாள். ரோஷம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு கடையில் கலர் பேப்பர் ஒரு கட்டு வாங்கினேன். போனில் வீடியோ போட்டேன். அதில் இரண்டு கை மட்டும் வந்தது. முகமும் இல்லை, பேச்சும் இல்லை. நான் முதல் மடிப்பை முடிப்பதற்குள் அந்தக் கைகள் ஒரு விசிறியைச் செய்து, விசிறியும் காட்டிவிட்டன. என் விரல்களைத்தான் உனக்குத் தெரியுமே, உப்புத் தண்ணீரில் வெடித்து வெடித்துக் கட்டைவிரல் கடப்பாரை மாதிரி இருக்கும். தாளை மடித்தால் அது மடிவதில்லை, பயந்து சுருங்குகிறது. தேனு என்னைப் பார்த்து, "தாத்தா, நீ பேப்பர அடிக்கிறியா?" என்று கேட்டாள்.

ஆனாலும் விசிறி வந்தது. உனக்கும் வரும், கேள். நீளமான தாளை எடுத்து விரல் அகலத்துக்கு ஒரு மடிப்பு மடி. தாளைப் பின்பக்கம் திருப்பி, அதே அகலத்துக்கு இன்னொன்று. இப்படித் திருப்பித் திருப்பி மடித்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் ஒரு பட்டை நிற்கும். ஒரு முனையில் ரப்பர் பேண்டு போட்டு மறு முனையை விரித்தால் விசிறி. அவ்வளவுதான். அவள் மடித்ததில் ஒரு மடிப்பு விரல் அகலம், அடுத்தது உள்ளங்கை அகலம். அவள் மத்தியானம் தூங்கும்போது நான் கெட்டிக்காரத்தனமாக அதைப் பிரித்து, ஸ்கேல் வைத்து நேராக மடித்து வைத்தேன். எழுந்து வந்து எடுத்துப் பார்த்தாள். கீழே வைத்துவிட்டாள். "இது என்னுது இல்ல" என்றாள். "உன்னுதுதான்டா கண்ணு, தாத்தா கொஞ்சம் சரி பண்ணேன்" என்றால், "என்னுது எங்க?" என்று வீடெல்லாம் தேடுகிறாள். இல்லாததை எங்கே போய்த் தேடிக் கொடுப்பது? அன்றோடு விட்டேன். நீயும் அவள் கோணலில் கை வைக்காதே. கோணல் விசிறியிலும் காற்று வருகிறது.

அடுத்தது ஐஸ் கோன். ஒரு பக்கம் பழுப்பு, மறு பக்கம் வெள்ளையாக இருக்கிற சதுரத் தாள். வெள்ளை மேலே தெரியும்படி வை. மூலைக்கு மூலை ஒரு தரம் மடித்துப் பிரித்தால் நடுவில் கோடு விழும். ஒரு மூலையிலிருந்து இரண்டு பக்க ஓரத்தையும் அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்தால், கீழே பழுப்பாகக் கூம்பு, மேலே வெள்ளையாக ஐஸ். உச்சி முனையைப் பின்னால் மடக்கிவிட்டால் ஐஸ் உருண்டையாகிவிடும். அதை அவள் நக்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, உப்பா இருக்குது" என்றாள். என் கை பட்ட தாள், வேறு எப்படி இருக்கும்? பிறகு தர்பூசணி. சிவப்புத் தாளின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் பச்சை அடித்து, மடிப்பு ஒரு பச்சையிலிருந்து மறு பச்சைவரை ஓடும்படி விசிறி மாதிரியே மடித்து, அந்தப் பட்டையைச் சரிபாதியாக வளைத்து, நடுவில் சேருகிற ஓரத்தை ஒட்டினால் கீற்று. விதை வைப்பது அவள் வேலை. ஒரே கீற்றில் ஒரு முழுப் பழத்தின் விதையை வைத்துவிட்டாள். மீனுக்குத்தான் நான் தோற்றேன். வால் மடிக்க வரவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது கத்தரிக்கோலால் வெட்டி வாலாக்கினேன். பார்த்துவிட்டாள். "தாத்தா போங்கு! ஆயா, தாத்தா போங்காட்டம் ஆடுது!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். உள்ளேயிருந்து உன் அம்மா, "இன்னிக்கா ஆடறாரு?" என்றாள். மறுநாள் தேனுவே வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து வாலைக் கண்டுபிடித்து, என் கையைப் பிடித்து மடிக்க வைத்தாள். இன்றைக்கும் தனியாக விட்டால் எனக்கு வராது.

செய்ததையெல்லாம் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தாள். நான் ஒரு விசிறியை எடுத்து விசிறினால் பிடுங்கிவிடுவாள். "இது அப்பாவுக்கு. நீ அட்டை எட்த்து விசுரு" என்பாள். கோன் அப்பாவுக்கு, மீன் அப்பாவுக்கு, பெரிய தொப்பி அப்பாவுக்கு, சின்னது அம்மாவுக்கு. உன் அம்மா மட்டும் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தர்பூசணிக் கீற்றை வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் கிடையாது. தாள் வாங்குகிறவன் நான், மடிக்கிறவன் பாதி நான், திட்டு வாங்குகிறவன் முழுக்க நான்.

அப்புறம் கப்பல். போன மாதக் காலண்டர் தாள், வழவழப்பானது. பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்து இரண்டு மூலையையும் நடுவுக்குக் கொண்டுவந்து, கீழே மிஞ்சுகிற பட்டையை இரண்டு பக்கமும் மேலே ஏற்றினால் தொப்பி. தொப்பியை உள்ளே விரலை விட்டு விரித்து எதிர்ப்பக்கமாக அமுக்கினால் சதுரம். கீழ் மூலையை இரண்டு பக்கமும் மேலே ஏற்றி, மறுபடி விரித்து அமுக்கி, உச்சியில் நிற்கிற இரண்டு நுனியையும் பிடித்து இழுத்தால் கப்பல் வந்துவிடும். அவள் அதைத் தண்ணீரில் விட வேண்டும் என்றாள். இந்த வெயிலில் நம் ஊரில் எந்தக் குட்டையில் தண்ணீர் இருக்கிறது? உப்பளத்தில்தான் இருக்கிறது. சாயங்காலம் அழைத்துவந்து, மூலையில் உப்பு விளைந்துகொண்டிருந்த ஒரு பாத்தியில் விட்டோம். விளைகிற பாத்தியில் ஒரு இலை விழுந்தால்கூட நாங்கள் ஓடிப்போய் எடுக்கிறவர்கள். நானே புதுசாக வருகிற பையன்களைத் திட்டியிருக்கிறேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, "ஏம்பா, வயசானா புத்தி கப்பல் ஏறிடுமா?" என்றார். "பேத்திங்க" என்றேன். அவரும் பேத்தி எடுத்தவர். "வார்றதுக்கு முன்னாடி எட்த்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மறந்தே போனேன். சில நாள் கழித்து உப்பு வாரும்போது பார்த்தால் கப்பல் அடியில் உட்கார்ந்திருக்கிறது, ஓரமெல்லாம் உப்பு பூத்து. பக்கவாட்டில் சின்னச் சின்னக் கட்டிகள், நடு முனையில் ஒரு பெரிய கட்டி. இத்தனை வருஷமாக உப்புக்குள் கிடக்கிறவன், இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. இரண்டு கையாலும் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தேனு அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு, "ஐஸ் கப்பல்" என்று மெதுவாகச் சொன்னாள். "இத அப்பா வந்ததும் நானேதான் குடுப்பேன். நீ குடுக்கக் கூடாது, ஆயாவும் குடுக்கக் கூடாது" என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக நீ சொல்லியிருந்தாய். கப்பலை ஜன்னலில் வெயில் படுகிற இடத்தில் வைத்தாள்.

அந்த ஞாயிறு ஓவர்டைம் வந்துவிட்டது என்றாய். சரி, வேலை என்றால் அப்படித்தான். அடுத்த ஞாயிறு சுதாவுக்கு ஷிப்டு மாறிவிட்டது. நடுவில் இங்கே மேகம் மூட்டம் போட்டது, கடல் பக்கமிருந்து ஈரக்காற்று. அந்தக் காற்றில் உப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? உப்புக்காரன் வீட்டுச் சமையலறை டப்பாவிலேயே தெரியுமே. ஆனால் எனக்குத் தோன்றவில்லை. ஒரு பாலிதீன் கவரில் கட்டி வைத்திருந்தாலே போதும். காலையில் பார்த்தால் ஜன்னல் கட்டையில் தண்ணீர் ஓடியிருக்கிறது, கப்பல் நனைந்த அப்பளம் மாதிரி படுத்துவிட்டது. அவள் அழுவாள் என்று நானும் உன் அம்மாவும் வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றோம். அழவில்லை. ஒரு விரலால் தொட்டு, விரலை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா லேட்டு" என்றாள். கோபமே இல்லை, குமரா. பஸ் லேட்டு என்று சொல்வோமே, அந்த மாதிரி. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது அந்த மீனுக்கு வருகிறேன். நான் பிரம்மதேசத்துக்குக் கிளம்பியது அதற்கு இரண்டொரு நாள் கழித்து. திரும்பி வந்து, "ஏன்டா கண்ணு, தாத்தா முதுகுல மீன் உட்டே?" என்று கேட்டேன். "அது உனக்கு" என்றாள். "அப்பாவோடதாச்சே?" என்றேன். பெட்டியில் ஆரஞ்சு மீன் ஒன்றுதான் இருந்தது, எனக்குத் தெரியும். "அப்பாக்கு வேணாம். நீயே வெச்சிக்கோ. பெட்டியும் நீயே வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே விளையாடப் போய்விட்டாள்.

உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பெட்டி எனக்கு வந்துவிட்டதே என்று. விசிறியை எடுத்து விசிறினேன், பெரிய தொப்பியைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். தொப்பி எனக்குப் பெரியது, காதுவரை இறங்கியது. அது உன் தலையை நினைத்து மடித்த தொப்பி. அதற்கப்புறம்தான் பயம் வந்தது. வந்த பயம் போகவில்லை. கப்பல் கரைந்த மாதிரிதான், ராத்திரி பார்க்கும்போது இருக்கும், காலையில் பார்த்தால் இருக்காது. அதுவரை உனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டே இருந்த பிள்ளை, ஒரு நாள் காலையில் ஒதுக்குவதை நிறுத்திவிட்டாள்.

அன்று சாயங்காலம்தான் நீ போன் போட்டாய். "அப்பா, தேனுவ அங்கியே ஸ்கூல்ல சேத்துடலாமாப்பா? ரெண்டு பேருக்கும் ஷிப்டு. இங்க வந்தா யாரு பாத்துக்கறது? அவ அங்க நல்லாத்தானே இருக்கா?" என்றாய். நான், "நல்லாத்தான் இருக்கா. யோசிப்போம்டா" என்றேன். அதற்குள் உன் பஸ் வந்துவிட்டது. நல்லாத்தான் இருக்கா என்று நான் சொன்னேனே, அது அவளைப் பற்றிய பதில் இல்லை. நல்லாத்தான் இருப்பவன் நான்.

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மேகம் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. உனக்கு ஞாபகம் இருக்காது, நீ இவள் வயசில் இருந்தபோது ஒரு கோடை மழை. விளைந்த உப்பெல்லாம் கண்ணுக்கு முன்னால் கரைந்து ஓட, ஊரே தலையில் கை வைத்து நின்றது. நான் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தால், நீ வாசலில் குதித்துக்கொண்டிருக்கிறாய். "மழ வந்துச்சு, அப்பா வந்துட்டாரு! மழ வந்துச்சு, அப்பா வந்துட்டாரு!" பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் விழப்போகிறதே என்று உன் அம்மா ஓடிவந்து உன் வாயைப் பொத்தினாள். உப்புக்காரன் பிள்ளைக்கு லீவு விடுகிற காலமும் அப்பனுக்கு வேலை உச்சத்தில் இருக்கிற காலமும் ஒன்று. வெயில் இருந்தால் அப்பா இல்லை, மழை வந்தால் அப்பா உண்டு, அதுதான் உன் கணக்கு. ஆனால் எனக்காவது மழை இருந்தது. உன் கம்பெனிக்குள் மழை பெய்யாது குமரா. உன்னை வீட்டுக்கு அனுப்ப வானத்தால் ஆகாது, நீயாகத்தான் வர வேண்டும்.

இரண்டு பேருக்கும் ஷிப்டு என்பது பெரிய கஷ்டம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டுப் பார், ஸ்கூல் முடிந்து பார்த்துக்கொள்கிற இடம் ஏதாவது இருக்கிறதா என்று பார், சுதாவை ஒரே ஷிப்டாகக் கேட்கச் சொல். ஒரு வழியும் இல்லையென்றால் உன் அம்மா வந்து கொஞ்ச நாள் இருக்கிறேன் என்கிறாள். எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், சாப்பிடுகிற மாதிரி வடிக்கத்தான் தெரியாது. நீ வேலை விட்டு வந்து பூட்ஸைக் கழற்றியதும் ஒரு தாளைக் கையில் எடு. பழைய நோட்டீஸ் போதும். போனை வேறு அறையில் வை. அவளை முதல் மடிப்பு மடிக்கச் சொல், இரண்டாவதை நீ மடி. உனக்கு வராது. வராததுதான் நல்லது, அவள் உன் கையைப் பிடித்துக் காட்டுவாள். களைப்பில் பாதி மீனோடு நீ தூங்கிப்போனாலும் பரவாயில்லை. மறுநாள் வால் போடலாம் என்று எடுத்து வைத்திருப்பாள். வைத்திருக்கிற பிள்ளை அவள்.

வருகிற ஞாயிறு வா. ஓவர்டைம் என்றால் சனிக்கிழமை வா, அதுவும் முடியாதென்றால் எந்தக் கிழமையானாலும் வா, ஸ்கூல் திறப்பதற்குள் வந்து கூட்டிக்கொண்டு போ. அன்றைக்கு அப்புறம் பெட்டியை நான் தொடவில்லை, தொப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இன்னொரு காலண்டர் தாள் கப்பலும் பாத்தியில் கிடக்கிறது, மேஸ்திரிக்குத் தெரியாது. அவளுக்கும் சொல்லவில்லை. மழை வராமல் இருந்தால் நீ வருவதற்குள் பூத்துவிடும். இந்தத் தடவை பாலிதீன் கவர் வாங்கி வைத்திருக்கிறேன். நீ கேட்டால்தான் அவள் கொடுப்பாள், அதனால் வந்ததும் முதல் வேலையாக, "அப்பாவுக்கு என்ன வெச்சிருக்கே?" என்று கேள்.

மோட்டாரை நிறுத்தப் போக வேண்டும், தார்ப்பாய்க்கு ஆள் கூப்பிடுகிறார்கள். ஒன்று மட்டும் பாக்கி. சேர்த்துடலாமா என்று அன்றைக்கு நீ கேட்டாய், நான் யோசிப்போம் என்றேன். யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. நீ கேட்டு முடிப்பதற்குள் பதில் தொண்டைக்கு வந்து நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், உன் பஸ் வந்து என்னைக் காப்பாற்றியது. அதை இன்னொரு தடவை என்னிடம் கேட்காதே. அடுத்த தடவை பஸ் லேட்டானால் நான் வாயைத் திறந்து சொல்லிவிடுவேன்: "சரிடா, இங்கியே உட்டுடு."